பதினோராவது வளைவு

ஏற்காடு போகும் காலை ஆறே முக்கால் வண்டியில்
டிரைவர் குப்புராஜிடம் ஒரே ஒரு கேசட்தான் இருந்தது.
இரண்டு என்பார் கண்டக்டர் அர்த்தநாரி.
மற்றது சாமிப் பாட்டு,
வெள்ளிக்கிழமைக்கு மட்டும்.

நான் அஸ்தம்பட்டியில் ஏறுவேன்.
கோரிமேடு தாண்டும்வரை ஹாரன் பாடும்.
அடிவாரத்துச் செக்போஸ்டில் கேசட் உள்ளே போகும்.
முதல் இரண்டு பாட்டும் எனக்கு ஞாபகமில்லை.
எட்டாவது வளைவில்,
தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதென்று
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
இரவு வீட்டுக்குள் வருகிறவனைப் போல
ஒரு புல்லாங்குழல் வரும்.

அப்புறம் அந்தப் பாட்டு.
தபேலா இருக்கிறதா என்று தேட வேண்டும்.
பாடுகிற அம்மாள்
முதல் சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே
ஒரு வளைவு முழுக்க எடுத்துக்கொள்வாள்.
குப்புராஜ் கியரைக்கூட
அவள் மூச்சு விடும் இடம் பார்த்துத்தான் மாற்றுவார்.

நான் எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதப் போகிறவள்.
மிளகு இத்தனை மூட்டை, ஆள் கூலி, உரம்,
குரங்கு விரட்டப் பட்டாசு ஒன்பது கட்டு.

பதினோராவது வளைவில் டேப் கசங்கியிருந்தது.
என்றைக்கோ சிக்கி, பென்சில் விட்டுச் சுற்றியது.
இரண்டாம் சரணத்தின் மூன்றாவது வரி
'வா' என்று தொடங்கி
தண்ணீருக்குள் முங்கி
அடுத்த வரியில்தான் தலை தூக்கும்.

தோட்டக்கலைப் பண்ணையில் மழைமானி பார்க்கும்
செலஸ்டின் எனக்கு இரண்டு சீட் முன்னால்.
அந்தப் பள்ளத்தை அவர் தினமும் நிரப்புவார்,
மெட்டு பிசகாமல்.
'வாழைத்தார் யாரோட சீட்டுல ஏறுச்சு?'
'வாடகை பாக்கி ரெண்டு மாசம் ஆச்சு.'
பஸ் சிரிக்கும். நானும்.

எனக்கு அம்மை போட்டு
பத்து நாள் கழித்து ஏறினேன்.
காப்பி பூத்திருந்தது, ஜன்னலெல்லாம் அதே வாசம்.
பதினோராவது வளைவு.
'வாராத நாளில் வளைவு இருபத்தொண்ணு.'

ஒரு எழுத்து இடிக்கவில்லை.
யாரும் சிரிக்கவில்லை.
அர்த்தநாரி எச்சில் தொட்ட விரலோடு
டிக்கெட் கிழிக்காமல் நின்றார்.
நான் கீழே தெரிந்த வெள்ளைக்கல் மேடுகளைப் பார்த்தேன்.
அவர் திரும்பவில்லை.
பிடரியில் மட்டும்
ஒரு நரம்பு காத்துக்கொண்டிருந்தது.

ஐப்பசியில் அவருக்கு மாற்றல், பேச்சிப்பாறைக்கு.
அங்கே மழை அதிகம் என்றார்.
குடை கொண்டுபோங்க என்றேன்.
கணக்கு எழுதுகிறவள் சொன்ன பதில் அது.

மற்ற பாட்டுகளும் எனக்கு உண்டு.
வீணையில் தொடங்கும் ஒன்று,
பெரியாஸ்பத்திரியில் மகனுக்கு டைபாய்டு கண்ட இரவு
வாட்ச்மேன் ரேடியோவில் கேட்டது.
அதைக் கேட்டால் இன்றும்
என் புறங்கை அவன் நெற்றியைத் தேடும்.
கரண்ட் போன இரவில் அங்கமுத்து
கொசுவத்தி தேடிக்கொண்டே முனகிய ஒன்று.
கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில்
அவர் பாடியது அது மட்டும்தான்.
சுதி சேரவில்லை, நிறுத்தச் சொல்ல மனமும் வரவில்லை.

போன வாரம் தட்டுவடை செட் கடை.
தள்ளுவண்டிக்காரப் பையனின் போனில்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
அந்தப் புல்லாங்குழல்.
முழுப் பாட்டு, கீறலில்லை, கசங்கலில்லை.
இரண்டாம் சரணம் வந்தது.
முப்பது வருஷமாய் நான் கேட்டறியாத வரி வந்தது.

வானம். நிலா. வழக்கமான சரக்கு.

இவ்வளவுதானா என்று சிரித்தேன்.
சிரித்த வாய் அப்படியே நின்றது,
கண் கலங்கியது.
"என்ன?" என்றார் அங்கமுத்து.
"சட்னி காரம்" என்றேன்.
அவர் நம்பி,
என் தட்டிலிருந்த மிச்சத்தையும் எடுத்துக்கொண்டார்.

இப்போது என் போனிலும் அது இருக்கிறது.
சமைக்கும்போது கேட்பேன்.
அந்த வரி வருகிறபோது
மிக்சியைப் போட்டுவிடுவேன்.