சேர் ஒன்று, வாடகை இல்லை

சோமனூரில் பூட்டிக் கிடந்த தறிக்குடோனும்
அதை ஒட்டிய வீடும்
இருபத்திரண்டு நாளுக்குப் பேய்வீடு.
ஒட்டடை எங்கள் கையால்.
ரப்பர் சொல்யூசனைக் காற்றாடியில் விட்டு இழுத்தால்
சிலந்தி தோற்கும்.
தூசிக்கு முல்தானி மிட்டி.
ரத்தத்துக்குச் சோளப்பாகு, எறும்பு மொய்க்கும்
ஆகவே கொஞ்சம் பினாயில்.

இதெல்லாம் போஸ்டருக்கு என்பார் இன்னாசி அண்ணன்.
பயம் வேறு கணக்கு.
தலைவாசலை நாலு விரக்கடை தாழ்த்தச் சொன்னார்.
கதாநாயகி குனிவாள், ஏன் என்று தெரியாது,
தியேட்டரில் இருக்கிறவன் கழுத்தும் சேர்ந்து குனியும்.
கூடத்துச் சுவர்கள் உள்ளே போகப் போக நெருங்கின,
முழத்துக்கு ஒரு நூல்.
"நூலளவுதான்டா. கண்ணுக்குத் தெரியாது.
வயித்துக்குத் தெரியும்."
கடிகாரம் ஓடட்டும், நொடிமுள்ளை மட்டும் பிடுங்கு.
நாலு பேர் வாழும் வீட்டில்
ஐந்து வட்டல் கழுவிக் கவிழ்த்து வை.
ஐந்தாவதில் மட்டும் ஈரம் இருக்கணும்.

அந்த ஈரத்துக்காக
டேக்குக்கு டேக் ஓடினேன் தெளிப்பானோடு.

அக்கம்பக்கத்துக் குடோன்களில் தறி ஓடிக்கொண்டே இருந்தது.
சடக்குப் படக்கு, சடக்குப் படக்கு.
சவுண்டுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான்.
கரண்ட் போனால்தான் அவனுக்குச் சோறு.

பதினோராம் நாள்
வீட்டுக்காரம்மா கருணாம்பிகை வந்தார்.
வந்த வேகத்தில் பொடக்காணிக் கதவின் கீலுக்கு
ரெண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டார்.
மூன்று நாள் உப்புத்தண்ணீர் ஊற்றி
நான் வளர்த்த கிறீச்சு அது.
தூக்குக்கயிற்றுக்கு அடியில் நடந்தார்
துணி காயும் கொடிக்கு அடியில் நடப்பதுபோல்.
சுவரில் இருந்த ரத்தக்கையைப் பார்த்து
"கறை போயிருமுங்ளா" என்றார்.
வட்டல்களை எண்ணினார்.
"நாலு பேருக்கு அஞ்சுங்ளா?
அப்ப ஒரம்பரை யாரோ வாராங்க."
சொல்லிவிட்டு
ஆறாவது ஒன்றையும் தேடிக் கவிழ்த்து வைத்தார்.

இன்னாசி அண்ணன் அன்று யாரோடும் பேசவில்லை.

போகும்போதுதான் நின்றார்,
உதவாது என்று நாங்கள் வெளியே வீசியிருந்த
சாமான்களுக்குப் பக்கத்தில்.
ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் சேர்.
உடைந்த கையைக் கம்பியால் கட்டியிருந்தது.
"இதையேனுங் இன்னும் வெச்சிருக்கீங்க?"
குரல் இறங்கிவிட்டது.
"பைனான்ஸ்காரர் வந்தா இதுலதானுங் உக்காருவார்.
கத்தமாட்டார். ஒரு சொம்பு தண்ணி கேப்பார்.
குடிச்சுப்போட்டு, தறிச்சத்தத்தக் கேட்டுக்கிட்டு
சும்மா உக்காந்திருப்பாருங்.
பன்னண்டு தறி ஆறாச்சு. ஆறு ரெண்டாச்சு.
கடைசித் தறி நின்ன அன்னிக்கு
அவர் சொம்பைக் கீழ வெச்ச சத்தம்
எனக்குச் சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சுங்."

மறுநாள் சேரைக் கூடத்தில் போட்டோம்,
வாசலைப் பார்க்க. பக்கத்தில் ஒரு சொம்பு.
கயிறும் கையும் வேனுக்குப் போயின.
டைரக்டர் மானிட்டரைப் பார்த்து
"என்னய்யா, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கு" என்றார்.

அப்போது கரண்ட் போனது.
ஒரே லைன்தான், ஆனாலும் தறிகள்
ஒன்று முந்தி ஒன்று பிந்தி ஓய்ந்தன.
கடைசியாக எங்கோ ஒன்று
இழுத்து, இழுத்து, நின்றது.
ஜெனரேட்டரைப் போடு என்று
யாரும் சொல்லவில்லை.

கணக்குத் தீர்க்கும் அன்று பட்டியல் எழுதினேன்.
வட்டல் ஆறு. சொம்பு ஒன்று. கடிகாரம், முள் இல்லாமல்.
சேர் ஒன்று, வாடகை இல்லை.
கொடுக்கப் போனபோது
கதவைத் திறக்காமலே "வேண்டாங்" என்றார்.

இப்போது சாலிகிராமத்தில் என் அறையில் கிடக்கிறது.
துவைத்த துணியைக் குவித்து வைப்பேன்.
துணி தீர்ந்துபோன இரவுகளில்
அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுத்தான்
படுக்கிறேன்.