மிதிக்காத பிரேக்

வாரத்தில் இரண்டு நாள் ஓசூர்.
போகவர முந்நூற்று இருபது கிலோமீட்டர்.
வலது கணுக்காலில் எனக்கு இரண்டு ஸ்க்ரூ.
எண்பதில் நிறுத்திவைத்துவிட்டுக்
காலை மடக்கிக்கொள்ளலாம் என்ற ஒரே காரணத்துக்காக
இருபது வயசான இந்த அக்கார்டை
விற்காமல் வைத்திருக்கிறேன்.

சித்திரையில் ஒருநாள், தீவட்டிப்பட்டி தாண்டி
ஸ்டியரிங்கில் பொத்தானை அழுத்தினேன்.
பச்சை விளக்கு எரிந்தது.
கால் எடுத்தேன்.
எண்பது எழுபதானது, எழுபது அறுபது.
பின்னால் வந்த பஸ் ஹாரனிலேயே திட்டியது.

ஃப்யூஸ் பார்த்தேன். நன்றாயிருந்தது.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பானெட்டுக்குள் வேக்குவம் குழாயைத் தடவினேன்.
விரிசல் இல்லை.
சீலநாயக்கன்பட்டி சித்தேஸ்வரன்
ஸ்டியரிங்கைக் கழற்றி, சுருள் வயரைப் பார்த்து,
திரும்ப மாட்டி, எண்ணூறு வாங்கிக்கொண்டு சொன்னார்:
"ஏற்காடு ஏறுற ஊர்ல
இதெல்லாம் எதுக்குங்க மேடம்?
வயரைப் பிடுங்கி விட்டுடவா?"
இருபது கொண்டை ஊசியை அவர் நினைத்தார்.
நான் என் கணுக்காலை.

அதே வாரம் பேட்டரி படுத்தது.
புதுசு போட்டேன். அதுவும் மூன்றாம் காலை படுத்தது.
இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க
எனக்குத் தோன்றவில்லை.
தோன்றியதெல்லாம் காலடி மேட்டில் கிடந்த
மஞ்சள் துணுக்குகள்தான்.
தட்டுவடை.
டியூஷன் விட்டு வரும்போது செட் வாங்கி
வண்டிக்குள்ளேயே நொறுக்குகிறான் என்று
அகரனை அன்றைக்குப் பிடித்துத் திட்டினேன்.
"நான் பின்சீட்டுலதானம்மா உக்கார்றேன்" என்றான்.
அதற்கும் திட்டினேன்.

தொப்பூர் இறக்கம் முடிந்து டீக்கடையில் நிறுத்தியபோது
ஒரு நாமக்கல் முட்டை லாரி பக்கத்தில் வந்து நின்றது.
டிரைவர் ஜன்னலிலேயே தலைநீட்டி,
"ஏம்மா, தருமபுரியில இருந்து
பிரேக்கை மிதிச்ச காலை எடுக்கவே இல்லியே,
நீ நிக்கப்போறியா போகப்போறியான்னு
தெரியாமயே வந்தேன்" என்றார்.

நான் மிதிக்கவில்லை.

அன்றிரவு கோரிமேட்டில், வீட்டின்
வெள்ளைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி,
சாவியை உருவி, இறங்கிப் பார்த்தேன்.
சுவர் முழுக்கச் சிவப்பு.
யாரும் இல்லாத வண்டி
பிரேக் பிடித்துக்கொண்டு நின்றது.

தலையை பெடலுக்கடியில் நுழைத்துக்கொண்டு
மல்லாந்து கிடந்ததில் கண்டுபிடித்தேன்:
பெடல் மேலெழும்போது
சுவிட்சின் மூக்கை அழுத்த வேண்டிய இடத்தில்
ஓர் ஓட்டை.
அதில் இருந்த பிளாஸ்டிக் வில்லை, ஒரு சட்டைப் பொத்தான் அளவு,
இருபது வெயிலில் உளுத்து உதிர்ந்திருந்தது
தட்டுவடையாக.

எனக்கு வண்டிமேல் இருந்த கோபம் இறங்கிவிட்டது.
அது ஓடாமல் இல்லை, ஒழுங்காய்க் கேட்டிருக்கிறது.
நிறுத்து, நிறுத்து என்று
நான் சொல்வதாகவே நம்பி
நான் போட்ட வேகத்தை ஒவ்வொரு முறையும்
பணிவாய்க் கைவிட்டிருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு போல்ட், ஒரு நட்.
ஏழு ரூபாய்.
கடைக்காரர் பேப்பரில் மடித்துக் கொடுத்தார்.
டார்ச் பிடித்தது அகரன்.
முறுக்கி முடித்ததும் சுவர் வெள்ளையானது.
"அப்ப அது தட்டுவடை இல்லை" என்றான்,
டார்ச்சை என் முகத்துக்குத் திருப்பி.
"கண்ணு கூசுது, எடுடா" என்றேன்.
எடுக்கவில்லை.

வியாழக்கிழமை ஓமலூர் தாண்டி எண்பதில் அழுத்தினேன்.
நின்றது முள்.
காலை எடுத்து மடக்கினேன்.
ஆனாலும் தொப்பூர் வரை
அந்தக் கால் அந்தரத்திலேயே இருந்தது,
எதையோ மிதிக்கப் போவதுபோல.
பக்கத்துச் சீட்டில்
முறுக்கு வைத்த செட் இரண்டு பொட்டலம்.
அவனுக்குத்தான்.
முன்சீட்டில் உட்கார்ந்து தின்னட்டும்.