விகுதி

ஏழாம் பக்கம், பதினோராம் வரி:
எப்ராயீம், தவசிமுத்து மகன்.
தகப்பன் தொழில், பால்வெட்டு.
ஞானஸ்நானத்தன்று விடாமல் கத்தினான் என்று
உபதேசியார், அதாவது என் அப்பா,
ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறார்.
அந்த வரியில் அவன் அவன்தான்.

இரண்டாம் லயத்தில்
அவன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் ஒரே பலகைச் சுவர்.
சங்கீதம் ஒப்பிக்கும் போட்டியில்
மூன்று வருஷமும் எனக்குத்தான் முதல் பரிசு.
மூன்று சோப்புப் பெட்டி.
அவனைச் சிங்கப்பூருக்கு இறையியல் படிக்க அனுப்பினார்கள்.
என்னிடம் கோயில் சாவியையும் துடைப்பத்தையும் கொடுத்தார்கள்.
கோபமில்லை.
கொஞ்சம் உண்டு.

உதவிகுரு, ஈப்போவில். குரு, கிள்ளானில்.
அப்புறம் தலைமைக்குரு,
அப்புறம் ஊதாச் சட்டை.
திடப்படுத்தலுக்கு வந்த அன்று
சிலிம் ரிவர் ஸ்டேஷனில் மாலையோடு ஊர் நின்றது.
மளிகைக்கடை ஆ செங் பட்டாசுக் கட்டே கொண்டுவந்தார்.
என் மகன் தலையில் கைவைத்து முடித்தபின்
"பிஷப் ஐயா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.
"ஒட்டுப்பால் நாத்தம் இன்னும் மூக்கை விட்டுப் போகலே, கிருபா"
என்றான்.
என்றார்.

இப்போது தோட்டத்தை விற்றாயிற்று.
பால்மரம் போய்ச் செம்பனை வந்தது,
செம்பனையும் போய் மாடிவீடுகள் வரப்போகின்றன.
கோயிலைக் கோயில் இல்லை என்று சொல்லவும்
ஒரு பேராயர் வேண்டுமாம்.
அவரே வந்தார்.
அங்கிக்குக் கீழே ஜப்பான் சிலிப்பர்,
கால்வீக்கம்.

இங்கிலீஷில் அச்சடித்த தாள்.
"இந்த இடம் இனிமேல்" வரைக்கும் வாசித்தார்,
நின்றார்.
வெளியே லாரிக்காரன் எஞ்சினை அணைக்கவில்லை.
என் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி
இருட்டோடு பெரட்டில் கிராணி கூப்பிடுவதுபோல
ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார்.
மாசிலாமணி. சூசன்னாள். ஆரோன், ரத்தினசாமி மகன்.
சிலதுக்குப் பேரப்பிள்ளைகள் கை தூக்கினார்கள்.
பலதுக்கு லாரி மட்டும்.

ஏழாம் பக்கத்தில் குரல் கட்டிவிட்டது.
பதினோராம் வரியை நான் வாசித்தேன்.
"ஐயா" என்றான்,
பெரட்டில் அவன் அப்பன் சொன்ன அதே ஐயா.

மீதித் தாளை வாசித்தார். கையெழுத்துப் போட்டார்.
"பதிவேட்டைப் பேராயத்துக்கு எடுத்துப்போகணும்.
கோயில் சொத்து."
"எந்தக் கோயில்?" என்றேன்.

சிரித்தான்.
பல்செட்டு.
பதிவேடு என் வீட்டில்
அரிசி டின் மேல் இருக்கிறது.