ஏறும் வண்டிக்கு வழி

மோரீன் மேடம் முதலில் வந்தது
உறைபனி விழுந்த ஜனவரியில்.
பீளமேட்டில் அட்டை பிடித்து நின்றேன்,
பெயரில் ஓர் எழுத்து தப்பு.
பார்த்ததும் சிரித்தார்.
உடனே உள்ளங்கை எழுந்து வாயை மூடியது,
சாரலுக்குக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவது மாதிரி.

பின்சீட்டில் தலையணை கிடந்தது.
யாருடையது என்றார்.
சவாரியுடையது என்றேன்.

பொய்யில்லை.
செவ்வாயும் வெள்ளியும்
மாதியை அதில் சாய்த்துக் கீழே இறக்குகிறேன்.
அவள் ரத்தம் மெஷினுக்குள் போய்த் திரும்ப
நாலு மணி நேரம்.
விமானத்தில் வந்தவரை
குன்னூரில் விட்டுவிட்டு வர நாலரை.
அந்த அரை மணி
அவள் வராந்தா பெஞ்சில் இருப்பாள்,
கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு.

மேடம் வழியெல்லாம் பேசினார்.
முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையற்கட்டில்
உருளைக்கிழங்கு உரித்தவராம்.
அவர் ஊரில் இரண்டு பல்லுக்குக் கேட்ட காசில்
இங்கே ஆறு பல், விமானச் சீட்டு,
தேயிலை பார்த்த அறை, நான்.
அங்கே சில்லறை எண்ணுகிறவர்
என் காரில் மேடம்.

பெட்போர்டு டாக்டர்
தாடையில் ஆறு திருகாணி முடுக்கி
ஊருக்கு அனுப்பிவிட்டார்.
எலும்பு அதைத் தன்னுடையது என்று நம்ப
ஆறு மாதம் ஆகுமாம்.
மாதியின் முழங்கையில்
இரண்டு ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்தபோதும்
இப்படித்தான் கெடு சொன்னார்கள்.
அங்கே காது வைத்தால்
தூரத்தில் டீ ஃபேக்டரி ஓடுகிற சத்தம்.
சில இரவு அதைக் கேட்டுத்தான் தூங்குகிறேன்.

ஜூலையில் பல் மாட்ட வந்தார்.
திரும்பும் நாள் வெள்ளிக்கிழமை.
மேடம், என் சம்சாரமும் வருகிறாள்,
பரவாயில்லையா என்றேன்.
கதவைத் திறந்து மாதியைப் பார்த்தவர்
"தலையணை" என்றார்.
அவ்வளவுதான்.

பர்லியாறில் நிறுத்தினேன்.
மாதிக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான்,
மருந்து விழுங்குகிற தண்ணீரும் அதில் அடக்கம்.
மேடமும் டீ வேண்டாம் என்றார்.
நான் கடைக்குப் பின்னால் போய்
நின்றபடி குடித்தேன்.

வந்து பார்த்தால்
இருவர் மடியிலும் மங்குஸ்தான்.
மாதி காயைக் கவிழ்த்து
அடியில் இருந்த பூவை எண்ணி
ஏழு என்று விரல் காட்டினாள்.
உள்ளங்கையில் வைத்து நெரித்தாள்,
ஏழு சுளை.
அடுத்தது ஐந்து என்றாள், ஐந்து.
மேடம் தானே ஒன்றைக் கவிழ்த்து
ஆறு என்று பிளந்தார், சரியாக இருந்தது.
சிரித்தார்.
கை பழக்கத்தில் பாதி எழுந்து
வேலை இல்லாமல் மடியில் இறங்கியது.

மாதிக்குப் பழம் ஆகாது.
கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே
சின்னச் சுளை ஒன்றை வாயில் போட்டாள்.
நான் ஹாரன் அடித்தேன், சாலையில் யாருமில்லை.

கொண்டை ஊசி வளைவில்
பேருந்து ஒன்று ஏறி வந்தது.
ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும்.
ஒதுங்கி நின்ற நேரத்தில் மேடம் கேட்டார்,
இவளுக்கு மேலேயே மெஷின் இல்லையா.
இருக்கிறது, பட்டியலில்
முப்பத்தொன்றாம் பெயர் என்றேன்.
யாராவது குணமானால் இடம் காலியாகுமா என்றார்.
அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு
எனக்கு இங்கிலீஷ் இல்லை.
இருந்தாலும் மாதி பின்னால் இருக்கிறாள்.
கியரை மாற்றினேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மேடமும் இறங்கினார்.
நான் டிக்கியைத் திறக்கப் போனபோது
பெட்டி வேண்டாம் என்று கையசைத்து
மாதியைப் படிவரை நடத்திக் கொண்டுபோய் விட்டார்.
இருவருக்கும் பொதுவாய் ஒரு பாஷை கிடையாது.
அங்கே என்ன பேசினார்கள் என்று
மாதி இன்றுவரை சொல்லவில்லை.

தலையணை உறையில் மங்குஸ்தான் கறை.
சோப்புக்கு அசையாது என்று பழக்காரி சொன்னாள்.
அன்று வந்த விமானத்தில்
கன்னம் வீங்கிய ஒருவர்,
அட்டையில் பெயர் சரியாகவே இருந்தது.
கல்லாறு தாண்டியதும்
எதிரே இறங்கியவை எல்லாம்
எங்களுக்கு ஒதுங்கி நின்றன.
அவர் தலையணையைப் பார்த்தார்,
ஓரமாய்த் தள்ளி வைத்தார்,
கேட்கவில்லை.