மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில்

பாளையங்கோட்டைக் கண்ணாஸ்பத்திரியில்
முதலில் ஒரு சீட்டு.
அதில் நான் ஆவடையப்பன்.
ஆவுடையப்பனின் உகரம் விழுந்துவிட்டது.
எழுதிய பெண்ணும் கண்ணாடி போட்டிருந்தாள்.

பிறகு ஒரு பெட்டி.
தாடையை வை, நெற்றியை ஒட்டு.
உள்ளே நீளமாய் ஒரு சாலை,
கடைசியில் சிவப்பு ஓட்டு வீடு.
மங்கியது, தெளிந்தது, மறுபடி மங்கியது.
மீட்டர் எந்தப் பக்கம் என்று தேடினேன்.
இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

அடுத்த பெட்டி கண்ணுக்குள் ஊதியது.
'என்னம்மா!' என்றேன்.
'காத்துதான் ஐயா' என்றாள் அலுப்பாக.
எல்லோரும் அதையேதான் கேட்பார்கள் போல.

சுவரில் பெரிதாய் ஒரு ட.
அதற்குக் கீழே ப, ம, இறங்க இறங்கச் சிறுத்து
ஐந்தாம் வரி முழுக்க எறும்பு.
'அது ய-வா, ப-வா?'
'நீங்கதான் சொல்லணும்.'
ஒரு சில்லைச் செருகி, இது நல்லாருக்கா?
மாற்றி, இது?
இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன.
ஐம்பத்தொரு வயதில்
பெயிலாகிவிடுவேனோ என்று வேர்த்தது.

கடைசியில் சொட்டு மருந்து.
'முக்கா மணி நேரம் தொறக்கக் கூடாது.'
ஒரே பெஞ்சில் பதினோரு பேர்,
டியூப்லைட் எரிய எரிய
இருட்டில் உட்கார்ந்திருந்தோம்.

பக்கத்தில் ஒரு குரல்:
'சேரன்மாதேவியில மாவு மில்லு வச்சிருக்கேன்.
வத்தல் தூளு பறந்து பறந்தே கண்ணு போச்சு.
அதுகூடப் போவட்டும்.
கரண்டு ஆபீஸ்காரன் ஒருத்தன் புதுசா வந்து
மூணை எட்டுன்னு எழுதிட்டுப் போயிட்டான்.
ஐந்நூறு யூனிட்டு!
மூணு நடை நடந்துட்டேன்.'

மீட்டரில் மூன்றுக்கும் எட்டுக்கும்
இடப்பக்கம் இரண்டு சின்னக் கோடுதான் வித்தியாசம்.
அந்த இரண்டையும் போட்டவன் நான்.
அந்த ஊருக்கு மாற்றலாகி
என் முதல் ரீடிங்.
கார்த்திகை மழை, மில் தூசி, குனிய முடியாத மூலை.
காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன.
மூடிய கண்ணுக்கு
அவற்றின் முகம் நன்றாகவே தெரிந்தது.

'நீங்க என்ன சோலி பாக்கிய?'
'கணக்கு எழுதுத வேலை' என்றேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
'அவனை வையத்தான் வஞ்சேன்.
இங்க வந்து உக்காந்த பெறவு,
அவனுக்கும் கண்ணு தெரியலையோன்னு தோணுது.'

மருந்து கன்னத்தில் வழிந்தது.
கைக்குள் ஒரு பஞ்சு வந்து சேர்ந்தது.
அவள் வைத்ததா, நர்ஸ் வைத்ததா,
இன்றுவரை தெரியாது.

'உலகம்மாள்!'
வளையல் சத்தம் எழுந்து போனது.
வெகுநேரம் கழித்து
'ஆவடையப்பன்!'

டாக்டர் மகன் வயசுப் பிள்ளை.
ஒரு வெளிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு
என் கண்ணுக்குள் இறங்கி நடந்தார்.
மேலே பாருங்க. கீழே. உங்க மூக்கை.
'வெள்ளெழுத்து. வலதுல புரை லேசா ஆரம்பம், அவசரமில்ல.'
அத்தனையும் கறுப்பு மையில் எழுதியவனுக்கு
இப்படியொரு பெயரில் நோய்.

வெளியே
முருகன்குறிச்சி முழுக்கச் சுண்ணாம்பு அடித்திருந்தது.
எந்த பஸ்ஸிலும் ஊர்ப்பெயர் இல்லை.
துணைக்கு ஆள் கூட்டி வரச் சொன்னது
எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.
அவளைத் தேடினேன்.
முகம் தெரியாத ஒருத்தியை
முகமே தெரியாத தெருவில்.

தை மாசம்.
மில் வாசலில், கறுப்பு பிரேம் கண்ணாடியோடு,
எப்போதும் போல 'ரீடிங்!' என்று சத்தம் கொடுத்துவிட்டுக்
குனிந்தேன், முழங்கால் மண்ணில் பட.
நாலு. ஏழு. மூணு. மூணு.
இடப்பக்கம் கோடில்லை.
இன்னொரு தடவை பார்த்தேன். இல்லை.

உள்ளே ஓடிக்கொண்டிருந்த மில்
நின்றது.
மாவுப் புகைக்குள்ளிருந்து அந்தக் குரல்:

'கண்ணு எரிச்சல் போயிட்டா,
கணக்குப்புள்ள?'