பதினேழாவது வினா

காட்பாடியில் விடைத்தாள் திருத்தும் முகாம்.
மே மாதம். மின்விசிறி
சூட்டைக் கலக்கிக் கலக்கி
எங்கள் மேலேயே ஊற்றுகிறது.

வினா எண் பதினேழு:
கற்பனாவாதக் கதைக்கவிதைகளில்
விலங்குகள் ஏந்தும் கிறிஸ்தவக் குறியீடுகளை விளக்குக.
விடைக்குறிப்பு பறக்காமலிருக்க
அதன்மேல் என் டிபன் பாக்ஸ்.
ஆட்டுக்குட்டி என்றால் மீட்பர்.
புறா என்றால் ஆவியானவர்.
பாம்புக்கு விளக்கம் வேண்டியதில்லை.
வெள்ளை மான், வேடனையே திரும்பி வேட்டையாடும் அருள்.
குறியீட்டுக்கு இரண்டு, மேற்கோளுக்கு ஒன்று.

இருபத்தெட்டுத் தாளிலும் அதே மான் ஓடிற்று,
அதே கைடின் அதே பக்கம் வழியாக,
அதே எழுத்துப்பிழையில் கால் இடறி.

இருபத்தொன்பதாவது.
பெயர் இல்லை, எண் மட்டும்.
ஆங்கிலம்தான். ஆனாலும் வாக்கியங்கள்
தமிழில் நடந்து வந்து
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தன.

"கவிதையில் ஆட்டுக்குட்டி வெள்ளையாக இருக்கிறது.
அப்பா வேலை செய்யும் பேரணாம்பட்டுத் தோல் ஷெட்டில்
சுண்ணாம்புத் தொட்டியை விட்டு ஏறும்போது
எல்லா ஆடும் வெள்ளைதான்.
உலகத்தின் பாவத்தைச் சுமந்ததா, தெரியாது.
முத்திரை எண்ணைச் சுமந்தது.
பெரிய வெள்ளிக்கு அப்பா லீவு கேட்கவேண்டியதில்லை,
எங்கள் ஷெட்டுக்கு எல்லா வெள்ளியும் லீவு.

மானை அமிர்தியில் பார்த்தேன், கம்பிக்குப் பின்னால்.
அது யாரையும் எங்கும் அழைத்துப் போகவில்லை.
என் கையிலிருந்த பொரியைப் பார்த்தது.

ஆகையால் கழுதையைப் பற்றி எழுதுகிறேன்."

விடைக்குறிப்பில் கழுதை இல்லை.
சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன்.

"குருத்தோலை ஞாயிறு, வேலூரில், மாமா வீட்டுச் சபை.
கன்னியப்பன் என்பவரின் கழுதையை
கமிட்டி முந்நூறு ரூபாய்க்குப் பேசியிருந்தது.
மேலே ரூபன், ஒட்டுத்தாடியோடு.
ஆஸ்பத்திரி வாசலில் அது நின்றுவிட்டது.
பின்னால் ஆம்புலன்ஸ், ஆட்டோ, ஓசன்னா.
அடிக்கலாம் என்றார் பொருளாளர்.
ஆண்டவர் மேலே இருக்கிறாரே என்றார் செயலாளர்.
ரூபனை இறக்கினார்கள்.

நடைபாதையில் உட்கார்ந்திருந்த வங்காளத்துப் பெண்
கக்கத்தில் எக்ஸ்ரே உறையோடு எழுந்து வந்தாள்.
கழுதையின் முதுகில் நெடுக ஒரு கறுப்புக் கோடு,
தோளில் குறுக்கே இன்னொன்று.
தொட்டுப் பார்த்தாள். சூடு போட்டதா என்று
சைகையில் கேட்டாள்.
ஆயர் சொன்னார்: ஆண்டவரைச் சுமந்ததால் வந்த சிலுவை.
கன்னியப்பன் சொன்னார்:
பொறக்கும்போதே இருக்குதுங்க.
மூட்டைய எங்க வைக்கணும்னு அடையாளம்.

அவளுக்கு இரண்டு பாஷையும் விளங்கவில்லை.
கையை எடுக்கவுமில்லை.
வெகுநேரம் கழித்துக் கழுதை தானாக நடந்தது,
சர்ச் பக்கம் இல்லை, பாலாற்றுப் பக்கம்.
பாதிப் பவனி அதன் பின்னால் போனது. நானும்.
ஆகவே கழுதை என்பது"

அங்கே மணி அடித்திருக்கிறது.

சீஃப் எஸ்தர் குணசீலி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.
"மேற்கோள் இருக்கா?"
இல்லை.
"கவிதை பேராவது?"
இல்லை.
"அப்போ நாலு."
அவர் அடுத்த மேசைக்குப் போகும்வரை
ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.
நான்கு என்று எழுதினேன். அடித்தேன்.
பதின்மூன்று என்று எழுதி
ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன்,
திருத்தம் செய்தால் போடவேண்டும் என்பது விதி.

முப்பதாவது தாளில் மறுபடி மான்.

ஆறு மணிக்குப் பேருந்து பாலாற்றுப் பாலத்தில் ஏறியது.
கீழே தண்ணீர் இல்லாத அகலம்.
நடுவில் மணல் ஏற்றிய ஏழெட்டுக் கழுதைகள்
யாருக்கும் தெரியாமல் கரையேறிக்கொண்டிருந்தன.
ஜன்னலில் தலையை நீட்டி,
நடத்துனர் திட்டும்வரை பார்த்தேன்.

மூட்டை இருந்தது.
முதுகு தெரியவில்லை.