உப்புக் குப்பி நின்ற இடம்

நேற்று ராத்திரி நாலுக்கு ஒன்று.
இன்றைக்கும் ஜெலுத்தோங் சாலையில் மழை விடவில்லை.
நாற்காலியின் ஈரத்தைத் துடைக்காமலே உட்கார்ந்தார் நகுலேந்திரன்,
இதற்குமேல் நனைய என்ன இருக்கிறது என்பதுபோல்.

தே தாரிக் மூன்று, ஆ கியோங்குக்கு மட்டும் கோப்பி ஓ.
கிளாஸ் வருவதற்குள்
மேசை திடலாகிவிட்டது.

பல்குத்தும் குச்சி டப்பா கோல்காவலர்.
உப்புக் குப்பி நம் ஐந்தாம் எண்.
மிளகுக் குப்பி அவனுக்கு ஜோடி,
போன வாரம்தான் பத்தொன்பது முடிந்த பையன்.
பருப்பு சிந்திய இடம் பெனால்டி எல்லை.
சிந்தவில்லை, வரைந்தேன் என்றார் நகுலேந்திரன்.

"நமக்கு வேணும் ஒரு சுவர்.
ஆறடி மூணு அங்குலம்.
இந்த உப்பு திரும்புறதுக்குள்ள
கொம்தாரை ஒரு சுத்து சுத்தி வந்துரலாம்."

புஷ்பலீலா பள்ளி வேன் ஓட்டுகிறவள்.
முன்னால் ஒரு கண், பின்னால் ஒரு கண்.
"சுவர் வாங்கி என்னா செய்ய?
கதவு நடுவுல தொறந்து கெடக்கு.
நடுத்திடல்ல நிக்கிற ரெண்டு பேரும்
பந்து போனா வழியனுப்பி வைக்கிறானுங்க.
அவன் என்ன பண்ணுவான், பாவம்."

"பாவம் பாத்துத்தான் நாலு."

ஆ கியோங்குக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியும்.
எட்டு, வசவு.
அதை நேற்று மூன்றாவது கோலுக்குள் செலவழித்துவிட்டார்.
மிச்சம் இருந்ததில் ஒன்றை எடுத்தார்:
"காசு?"
அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

நானும் பேசவில்லை.
பயான் லெப்பாஸ் தொழிற்சாலை வாசலில் பதினொரு வருடக் காவல்.
தடுப்பது எப்படி என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.
ஆயிரம் லோரி ஒழுங்காகப் போனால்
உன் பேர் யாருக்கும் தெரியாது.
ஒன்று தப்பினால்
அறிக்கையின் முதல் வரி நீ.

நான்காவது கோலுக்கு வந்தோம்.
சீனிப் பொட்டலம் பந்து. மிலோ டின் வலது ஓரமாக ஓடி வருகிறது.
"இங்க நின்னான்!" உப்பைக் குத்தி வைத்தார் நகுலேந்திரன்.
"மரம் மாதிரி. மரமாச்சும் காத்துக்கு அசையும்!"

பார்சல் கட்டுகிற இடத்தில்
ஒரு மழைச்சட்டை திரும்பியது.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கையில் மூன்று பொட்டலம் மீ கோரெங்.
இடது முழங்காலில் பட்டைத்துணி.
திடலில் தெரிவதைவிடக் குள்ளம்.

ரூபேந்திரன் என்று பேர்.
நாங்கள் அந்தப் பேரைச் சொல்லித் திட்டியதே இல்லை,
அஞ்சு என்றுதான்.

ரொட்டி போடுகிறவர் மட்டும் மாவை அறைந்துகொண்டிருந்தார்.
அவன் மேசையைப் பார்த்தான். படித்தான்.
ஈர விரலால் உப்புக் குப்பியைத் தள்ளினான்,
இடப்பக்கம், இரண்டு விரற்கடை.
"இங்க நின்னேன்ணே."
மிளகை எடுத்துத் தட்டுக்கு அப்பால் வைத்தான்.
"இவனுக்குத் தொடை இழுத்துக்கிச்சு. மாத்த ஆளில்ல.
பெஞ்சுல இருக்க வேண்டிய ரெண்டு பேரும்
மூணு மாசச் சம்பளம் வரலேன்னு
சிரம்பான் போயிட்டானுங்க.
நான் மிலோவப் பிடிக்கவா, பந்தப் பிடிக்கவா?"

கைப்பேசி அலறியது. அடுத்த வீடு.

மோட்டார் முதல் உதைக்குக் கிளம்பவில்லை.
இரண்டாவதுக்கும்.
நாங்கள் நாலு பேரும் அதை எண்ணிக்கொண்டிருந்தோம்.
மூன்றாவதில் புகைந்து போனது,
மழைக்குள், கிரீன் லேன் பக்கம்.

ஆ கியோங் சீனிப் பொட்டலத்தைப் பிரித்து
ஆறிய கோப்பியில் கொட்டினார்.
பந்து முடிந்தது.

கடைப் பையன் துணியோடு துடைக்க வந்தான்.
நகுலேந்திரன் சட்டென்று இரண்டு கையையும் விரித்து மறைத்தார்,
உப்பு நகராதபடி.
இந்தப் பருவத்தில் நான் பார்த்த
ஒரே நல்ல தடுப்பு.

கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக,
"இருந்தாலும்" என்றார்,
"ஒரு ஆறடி மூணு அங்குலம்..."

"அந்த ரெண்டாவது கோல எடுங்க" என்றாள் புஷ்பலீலா,
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.
எனக்குப் பத்து மணிக்கு ஷிப்டு.
மிலோ டின்னைத் திரும்பவும்
வலது ஓரத்தில் வைத்தேன்.